மூன்று முறை பளிச்சென்று பட்டது

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இந்தப் புதுச்சேரியில் அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜின் முதுகைப் பார்த்தே வயிறு வளர்க்கிறேன். என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வந்தவுடன் எதையும் கழற்ற மாட்டார், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், பிறகு நேராகக் கோளாறு இருக்கிற இடத்தில் கை வைப்பார் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் மறுத்ததே இல்லை. மறுக்க நான் என்ன மடையனா?

அது எப்படி வருகிறது என்று எனக்கே தெரியாது. கம்ப்ரஸர் முனகுகிற சத்தம், கதவைத் திறந்ததும் முகத்தில் படுகிற காற்று, வீட்டுக்காரர் சொல்லும் புகார், எல்லாம் உள்ளே போய் எங்கேயோ ஒன்று சேரும். திடீரென்று பளிச்சென்று படும். ரிலே போயிருக்கிறது என்று படும், கழற்றினால் ரிலேதான் போயிருக்கும். பெரும்பாலும் தப்பாது. அப்படிப் பட்டவுடன் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கும் பாருங்கள், அதற்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அளவு ரவிக்கை கொடுத்தாலும் நம்ப மாட்டாள், டேப்பை எடுத்து உடம்பிலும் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள். எனக்கு ஒன்று பட்டது என்று நான் ஆரம்பித்தால், "பட்டது இருக்கட்டும், பாத்தீங்களா?" என்று கேட்பாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நினைவு தெளிந்துவிட்டால் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். ஆனால் பதில் வராத மனுஷனிடம் எத்தனை நாள் பேச முடியும்? மெல்ல மெல்ல அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். அதில் முதல் ஆள் நான்தான்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை, அப்புறம் அதுவும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. உடம்பு நன்றாக இருந்தவரைக்கும் காலையில் கிளம்பிக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். அங்கே பழைய ஆட்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். அவரும் விளையாடுவார், இல்லையென்றால் நின்று வேடிக்கை பார்ப்பார். வீடு திரும்ப மூன்று மணி ஆகிவிடும். மூடி வைத்த சோற்றை ஆறிப்போன குழம்போடு சாப்பிடுவார். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வரத் தெரியாதா என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். பதிலே சொல்ல மாட்டார்.

படுத்த பிறகு கூடத்தில் அவருக்குக் கட்டில் போட்டோம். எங்கள் வீட்டில் கூடம் ஒன்றுதான். அதே கூடத்தில்தான் மனைவியின் தையல் மெஷினும் இருக்கிறது. காலையிலிருந்து அவர் படுத்தபடி அவளைப் பார்ப்பார், அவள் தைத்தபடி அவரைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு, சோற்றைக் குழையப் பிசைந்து ஸ்பூனால் ஊட்டுவாள். நம் ஊரில்தான் மத்தியானம் ஒன்றானால் கடையைச் சாத்திவிடுவோமே, நானும் அந்நேரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பாவுக்கு ஊட்டிவிட்டு எனக்குப் போடுவாள். காலையில் அவள் எதுவும் சாப்பிடுவதில்லை, டீயோடு சரி.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் சாப்பிட்டார், அல்லது சாப்பிட்டார் என்று நினைத்தோம். அப்போது நினைவே பாதிதான் இருந்தது. நினைவு தெளியத் தெளிய, வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்ப்பார். காலையில் மெஷின் ஓடும் முன்னால் கஞ்சி உள்ளே போகும், இரவில் மெஷினை மூடிய பிறகு ஒரு இட்லி போகும். மத்தியானச் சோறு மட்டும் போகாது. அதுதான் அவருக்கு முக்கியமான சாப்பாடு. எடை மளமளவென்று இறங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். விழுங்குவதில் கோளாறு இல்லை, வேண்டாம் என்றுதான் இருக்கிறார் என்றார். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், அதை அடுத்து வரும் திங்கட்கிழமை கூட்டிவாருங்கள், எடை இப்படியே இறங்கினால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டியிருக்கும், டியூபைப் பிடுங்காமல் இருக்க இடது கையைக் கட்ட வேண்டியும் வரலாம் என்றும் சொன்னார். அவருக்கு அசைகிற கை அது ஒன்றுதான். அப்பா அங்கேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம். நான் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவின் கட்டில் முன்னால் நின்றேன். சிரிக்காதீர்கள், வேறு எப்படி யோசிப்பது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாளே பளிச்சென்று பட்டது. ஸ்பூன்! ஜென்மத்தில் அவர் ஸ்பூனைத் தொட்டவர் இல்லை. பல்லில் இடிக்கிற அந்த எவர்சில்வரைப் பார்த்துத்தான் வாயை மூடுகிறார். அதே குளிர்ச்சி நெஞ்சில் இறங்கியது. மனைவியிடம் சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு பாய் வீட்டு அம்மா, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆக்கிய பிரியாணியைத் தூக்கில் கொண்டுவந்திருந்தார். ஆறிவிட்டால் நன்றாக இருக்காது என்று கூடத்திலேயே உட்காரவைத்து அவளைச் சாப்பிடவைத்துவிட்டுத்தான் போனார். அதன் பிறகு அவள் கையால் பிசைந்து ஊட்டினாள். அப்பா வாயைத் திறந்தார். கிண்ணம் காலி.

நான் தெருவுக்கே கேட்கும்படி பெருமை அடித்துக்கொண்டேன். அவள் மட்டும், ஒரு நாள்தானே ஆகியிருக்கிறது என்றாள். திங்கட்கிழமை கையால்தான் ஊட்டினாள். வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. ஒரே ஒரு நாள் சரியாக வந்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆட்டம் ஆடினேன் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

புதன்கிழமை அரியாங்குப்பத்திலிருந்து அக்கா வந்தாள். அவள் வரும்போதே மணி இரண்டு. ஒரு மணிக்கு என் மனைவி ஊட்டிப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தாள். சரி, முதலில் நாம் சாப்பிடுவோம் என்று அக்கா கொண்டுவந்த மீன்குழம்போடு மூன்று பேரும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு அக்கா கிண்ணத்தை எடுத்தாள். அப்பா குழந்தை மாதிரி வாயைத் திறந்தார், கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார்.

இரண்டாவது தடவை பட்டது. இதைவிடப் பலமாகப் பட்டது. யோசிக்காமல் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அவருக்குப் பெத்த பொண்ணு கைதான் வேணும்னு இருக்குது."

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்கா போன பிறகு மெஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "நாலு மாசமா பீ மூத்தரம் எடுத்த கை அவருக்குப் புடிக்கலன்னு சொல்றீங்க. சரி, இருக்கட்டும்." அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த 'இருக்கட்டும்' எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

இருந்தாலும் எனக்கு என் கண்டுபிடிப்பின் மேல் சந்தேகம் வரவில்லை. வருத்தம் வேறு, உண்மை வேறு என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அக்காவைச் சீக்கிரம் வரச்சொன்னேன். அவளும் பாவம், வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் பஸ் பிடித்து ஒரு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தாள். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். அப்பா அப்பா என்று கெஞ்சினாள். அவர் அக்காவைப் பார்த்தார், மெஷினில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார், வாயைத் திறக்கவே இல்லை. அக்கா அழுதுகொண்டே ஊருக்குப் போனாள்.

ஆக, இரண்டு பெண்களை நோகடித்ததுதான் என் ஞானத்தின் பலன். அன்றைக்கு மனைவி எனக்கு ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் எனக்கு ஏதாவது பட்டால் மூன்று நாள் உள்ளேயே வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் பட்டுக்கொண்டிருந்தால் சொல்லலாம். நான் ஒத்துக்கொண்டேன். அடுத்த மூன்று நாளும் எதுவும் படவும் இல்லை. ஃபிரிட்ஜ் முன்னால் நின்றால்கூட ஒன்றும் தோன்றவில்லை, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்துத்தான் வேலையை முடித்தேன். டாக்டர் சொன்ன திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஒரு மருந்துக்கடையில் ஃபிரிட்ஜ் வேலை. ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் என்பதால் உடனே முடிக்க வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்கு மத்தியான அடைப்பு கிடையாது. கவுண்டரில் இரண்டு பெண்கள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ஒருத்தி மற்றவளிடம், "நீ போய் சாப்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் உள்ளே போனாள். இவள் தன் டிபன் பாக்ஸைத் தொடவில்லை. ஒருவர்கூட வாங்க வராத பத்து நிமிஷத்திலும் தொடவில்லை.

நான் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மில்லில் சாப்பாட்டுக்காகத் தறியை நிறுத்த மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்துத் தறிக்காரர்கள் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தர் சாப்பிடப் போனால் மற்றவர் அவருடைய தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். போனவர் சாப்பிட்டு வந்து நின்ற பிறகுதான் இவர் போகலாம். பள்ளிக்கூட லீவு நாட்களில் நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். ஜோடிக்காரர் முதலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார், அப்பா எப்போதும் இரண்டாவதாகத்தான் வருவார். எனக்குக் காத்திருந்து காத்திருந்து எரிச்சலாக இருக்கும். ஒரு நாளாவது நீ முதலில் வாயேன் என்று கேட்டிருக்கிறேன். பழக்கமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவர் கண் முன்னால் காலையிலிருந்து ஒரு மெஷின் ஓடுகிறது. ஓட்டுகிறவள் இன்னும் சாப்பிடப் போகவில்லை. சும்மா படுத்துக்கிடக்கிற இவர் முதலில் சாப்பிடுவாரா? பிரியாணி வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அவர் கண்ணெதிரே சாப்பிட்டிருந்தாள். அக்கா வந்த புதன்கிழமையும் அப்படித்தான்.

மறுபடியும் அதே குளிர்ச்சி. அதைக் கண்டு இந்தத் தடவை பயந்தேன். ஸ்பூன் விஷயத்திலும் இது வந்தது, அக்கா விஷயத்திலும் இது வந்தது. மூன்றுக்கும் தொட்டுப் பார்க்க ஒரு வித்தியாசம் கிடையாது. பொய்யானதும் மெய்யானதும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. ஃபிரிட்ஜ் விஷயத்தில் இருபத்தாறு வருஷம் கை அழுக்காகியிருக்கிறது, அங்கே படுவதை நம்பலாம். அப்பா விஷயத்தில் எனக்கு என்ன அனுபவம் இருக்கிறது? ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் அனுபவமா? ஒன்று மட்டும் வேறாக இருந்தது. முதல் இரண்டு தடவையும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்தத் தடவை சொல்ல வெட்கமாக இருந்தது. என் மனைவி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்பதே எனக்குத் தெரியாது என்பது அந்த மருந்துக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாள் காத்திருக்க நேரம் இல்லை. சட்டத்தை மீறி அன்று மாலையே சொன்னேன். அவள் துணியை மடித்துவைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. நாளைக்குத் தான் சாப்பிட்டுவிட்டு ஊட்டிப் பார்ப்பதாகவும், மறுநாள் சாப்பிடாமல் ஊட்டிப் பார்ப்பதாகவும், நாலு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் சொன்னாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை சமையலறையில் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். ஒரு வாய் போகவில்லை.

நான் திண்டாடிப் போனேன். வெளியே போய் என் வண்டியின் மேல் உட்கார்ந்தேன். மூன்றாவதும் பொய். இனி திங்கட்கிழமை டியூப்தான், கையைக் கட்டுவதுதான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியான வெயிலில் நடுத்தெருவில் நாற்பத்தெட்டு வயது ஆள் அழுதால் நன்றாகவா இருக்கும்? துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் இன்னும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நான் சாப்ட்டது இவருக்கு எப்படித் தெரியும்? உள்ள உக்காந்துல்ல சாப்ட்டேன்" என்றாள்.

எனக்கு இது தோன்றவே இல்லை. எனக்குப் பட்டது சரி, ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை அந்தத் தோற்றுப்போன கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கண்டுபிடித்திருந்தாள்.

கண்டுபிடித்தாளே தவிர, செய்வது அவளுக்கு லேசாக இல்லை. மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிடும் முன்னால் தான் சாப்பிடுவதா? பிரியாணி வந்த அன்று அந்த அம்மாவின் வற்புறுத்தல், அக்கா வந்த அன்று கூட்டத்தோடு கூட்டம். தனியாக, வேண்டுமென்றே அப்படிச் செய்ய அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து முக்காலியில் பாதி திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு முக்காலியை நகர்த்தி அவர் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டை வழித்து, எழுந்து கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வருகிற வரைக்கும் பார்த்தார்.

"நான் சாப்ட்டேன் மாமா. நீங்க சாப்புடுங்க."

வாயைத் திறந்தார்.

கிண்ணம் பாதி காலியானபோது அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். நான் கிட்டே போகவில்லை. கை மட்டும் நிற்காமல் ஊட்டிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க எனக்கு அவள் மேல் பொங்கிப் பொங்கி வந்த பிரியத்தை என்ன செய்வது என்று தெரியாமல், ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு ஃபிரிட்ஜையே இழுத்துப்போட்டுத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஊட்டியதால், சனிக்கிழமை அவள் சாப்பிடாமல் ஊட்டிப் பார்க்க வேண்டிய நாள். அவளே போட்ட திட்டம். நினைவுபடுத்தினேன். பட்டினி போட்டுத்தான் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை என்று சொல்லிவிட்டு, தட்டோடு போய் உட்கார்ந்தாள். அளந்து பார்க்காமல் அவள் ஒன்றை விட்டது நான் பார்த்த வரையில் அது ஒரு தடவைதான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மா டியூப் பேச்சை எடுக்கவில்லை, அடுத்த மாதம் வரச்சொல்லி அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முகூர்த்த வாரம். மறுநாள் காலைக்குள் பதினோரு ரவிக்கை கொடுக்க வேண்டும். அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பேருக்கு இரண்டு வாய் அள்ளிப்போட்டுக்கொண்டு, தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கிண்ணத்தோடு வந்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு அவள் தள்ளிவைத்த தட்டைப் பார்த்தார். அதில் சோறு அப்படியே இருந்தது.

எனக்கு என்னமோ படுகிறது என்று நான் வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நிதானமாகச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்திச் சொன்னாள்:

"நல்லா இருந்த காலத்துலயும் மூணு மணிக்கு முன்னாடி ஒரு நாள்கூட இவரு சாப்புட வந்ததில்ல. நான் சாப்புடற நேரம் ரெண்டரை."

அன்றைக்கும் நான் ஒன்றே காலுக்கெல்லாம் சாப்பிட்டு முடித்து, பல் குத்திக்கொண்டு நின்றிருந்தேன்.